ஒரே நாளில் இரண்டு லீவு

இல்லையம்மா, வேலை செய்யும் இடத்தில் எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். பெயர் வேண்டாம். 'ஒரு பெண்' என்று போடுங்கள். வயதும் வேண்டாம். அகதி முகாமின் பெயர் வேண்டாம், மாவட்டம் மட்டும் போடுங்கள். இல்லை, மாவட்டமும் வேண்டாம்.

கதவைச் சாத்திக்கொள்கிறேன். புழுங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சுவர் ஒற்றைச் செங்கல் கனம்தான். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடினால் இந்தப் பக்கம் டம்ளர் நடுங்கும். இன்றைக்கு செக்கிங் நாள் வேறு, எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். அது தெரிந்துதான் நீங்களும் இன்றைக்கு வந்திருக்கிறீர்கள்.

செக்கிங் தெரியுமல்லவா? மாதம் ஒருநாள் தாலுகா ஆபீஸிலிருந்து வந்து மேசை போட்டு உட்காருவார்கள். முகாம் அட்டையோடு வரிசையில் நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டால் முகத்தைக் காட்ட வேண்டும். முகம் இல்லையென்றால் அந்த மாத உதவி இல்லை. அடுத்தடுத்து இல்லையென்றால் பெயரையே அடித்துவிடுவார்கள். பெயர் போனால் இந்த அறை போகும். எங்கே வேலை செய்தாலும், எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்கு வந்து நின்றாக வேண்டும். இலங்கையிலிருந்து படகில் வந்தபோது எனக்கு நான்கு வயது. அன்றிலிருந்து நிற்கிறேன். முதலில் அம்மாவின் இடுப்பில்.

நீங்கள் இந்த வரிசையின் முனையில் பவளம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத்தானே வருகிறீர்கள்? தண்ணீர் பிடிக்கும்போது பார்த்தேன். நெடுநேரம் இருந்தீர்கள். அவருடைய மூத்த மகள் நிரோஜா, அவள் என்ன சொன்னாள்?

சரி. சொல்ல வேண்டாம். நான் சொல்லி முடித்த பிறகு சொல்லுங்கள்.

நான் வேலை செய்வது பம்பு மோட்டார் கம்பெனியில். ஊர் ஊராக விற்கிறார்கள். நான் இருப்பது புகார் எடுக்கும் பிரிவு. ஆறு பெண்கள் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல" என்பார்கள். "ஸ்டார்ட்டர் டிரிப் ஆகுது" என்பார்கள். சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவேன், வால்வா, காயிலா, காற்று அடைத்திருக்கிறதா என்று. ஏழு வருடம் ஆகிறதே. எங்களுக்கு சூப்பர்வைசராக மூன்று பேர் வந்து போனார்கள். மூன்று பேரும் ஆண்கள். மூன்று பேருக்கும் நான்தான் மோட்டாரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். மேனேஜர் தனபால் சார் ஒருநாள் அவராகவே சொன்னார், "நீ கெட்டிக்காரிதான் ராணி. ஆனா பொம்பளை சொன்னா விவசாயி மோட்டாரைக் கழட்ட மாட்டான்."

தினமும் என் பேச்சைக் கேட்டு நாற்பது பேர் கழற்றத்தான் கழற்றுகிறார்கள். ஆனாலும் அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. போனில் முகம் தெரியாதல்லவா, நேரில் போய்ச் சொன்னால் கேட்பார்களா?

ராணி நான்தான். இங்கே யோகராணி. யோகா என்பார்கள். அங்கே ராணி.

அந்தக் கம்பெனிக்கு முன்னால் ஏழு இடத்துக்குப் போனேன். ஏழு இடத்திலும் உண்மையைச் சொன்னேன். பி.காம். முதல் வகுப்பு, கணினி தெரியும், ஊர் இது, முகாம் இது. "சொல்லியனுப்பறோம்" என்பார்கள். ஒரு இடத்தில் பாத்ரூம் கழுவ ஆள் தேவை, வருகிறாயா என்று கேட்டார்கள். ஒரு இடத்தில் முகாம் என்று சொன்னதும் முதலாளி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதுவரை மரியாதையாக வாங்க போங்க என்று பேசிக்கொண்டிருந்த மனிதர்.

இதை எழுதாதீர்கள். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

எட்டாவது இடத்தில் உண்மையை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். விளம்பரத்தில் திருமணமாகாத பெண்கள் மட்டும் என்று போட்டிருந்தது. எனக்கு அப்போது மகளுக்கு இரண்டு வயது. தாலியைக் கழற்றி சாப்பாட்டுப் பையின் உள்ஜிப்பில் வைத்தேன். இன்றைக்கும் காலையில் பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் கழற்றுகிறேன், மாலையில் அங்கேயே போடுகிறேன். அங்கே காசு வாங்கும் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவள் என்ன நினைக்கிறாளோ. என் ஆதார் அட்டையில் நல்லவேளையாக முகாம் என்ற சொல் இல்லை, ஊர்ப் பெயர்தான். நாக்கையும் மாற்றிக்கொண்டேன். 'ஓம்' இல்லை, 'ஆமா'. 'கதைக்கிறது' இல்லை, 'பேசறது'. தூக்கத்தில்கூட 'ஆமா' என்றுதான் சொல்கிறேனாம், வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் பெயின்ட் வேலை. அவருக்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. ஏணியில் ஏறத் தெரிந்தால் போதும்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் பிரேமலதா, அவள் எனக்கு அடுத்த சீட், அவளோடு கடைவீதியில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே என் வீட்டுக்காரரும் மகளும் வருகிறார்கள். மகள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அப்பாவின் கையை இழுத்துக்கொண்டு பலூன்காரனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஐந்து வயது. நான் அப்படிச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. "அந்தக் குழந்தை அழகா இருக்கில்ல?" என்றாள் பிரேமலதா. ஆமா என்றேன்.

கம்பெனியைக் குறை சொல்ல முடியாது அம்மா. கல்யாணமானால் பெண்கள் லீவு கேட்பார்கள். முகாம் ஆளை வைத்தால் விசாரணைக்கு யாராவது வருவார்கள், வாசலில் ஜீப் நிற்கும். அவர் வியாபாரம் நடத்த வேண்டாமா?

சற்று இருங்கள். யாரோ போகிறார்கள்.

ஒன்றுமில்லை, மைக்செட்காரன். முதல் வரிசையைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கிறது.

செக்கிங் நாளைக்கு என்ன செய்வது? அதுதான் பெரிய பாடு. மாதாமாதம் ஒருநாள் லீவு. வழக்கமாக வரும் தேதி ஒன்று உண்டு, ஆனால் முந்தின நாள் சாயங்காலம் மைக்கில் சொன்னால்தான் நிச்சயம். எத்தனை சித்தப்பாவைச் சாகடிப்பது? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மேனேஜர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, "சார், வயித்து வலி... மாசாமாசம்..." என்று இழுத்தேன். அவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரி சரி, போ, போ" என்றார். அதற்கு மேல் எந்த ஆணும் கேட்க மாட்டான். பெண்ணாகப் பிறந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான். ஆறு வருடம் அது என்னைக் காப்பாற்றியது.

போன வருடம் பவளம் அக்கா வந்தார். நிரோஜா படிப்பை முடித்திருந்தாள். "யோகா, இவளுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடன். நீதானே அவையளின்ரை மாதிரிக் கதைக்கிறாய்" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் உட்கார்ந்து படித்தாள். எப்படி நடப்பது, ஊர் எதுவென்று கேட்டால் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது, எல்லாம் சொன்னேன்.

"அக்கா, செக்கிங்குக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டாள்.

அதையும் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லும்போது அதை மட்டும் எப்படி ஒளிப்பது? குனிந்த தலை, இழுக்க வேண்டிய இடம், எல்லாம் நடித்தே காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் வேறெங்காவது ஒரு துணிக்கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போவாள் என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை தனபால் சார் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவங்க நிரோஜா, புது ஸ்டாஃப்" என்றார். எனக்குக் காதிலிருந்த போன் கேட்கவில்லை. அவளுக்கும் அப்போதுதான் தெரியும் போல. நான் எந்தக் கம்பெனி என்று இங்கே யாருக்கும் சொன்னதில்லை, மோட்டார் ஆபீஸ் என்று மட்டும்தான் சொல்வேன். அந்த ஊரில் மோட்டார் ஆபீஸ் எத்தனை! அன்று சாயங்காலம் வந்து அழுதாள். "தெரியாமல்தான் விண்ணப்பம் போட்டனான் அக்கா. விடட்டோ?" என்று கேட்டாள். விடு என்று சொல்லியிருக்க வேண்டும். முதல் வேலை. பவளம் அக்கா பாயசம் வைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார்.

தெரியாதவர்களாக இருந்தோம். அவள் முன் பஸ், நான் பின் பஸ். சாப்பாட்டு நேரத்தில்கூட நான் அவள் பக்கம் திரும்ப மாட்டேன். நன்றாக வேலை செய்தாள். குரல் இனிமையாக இருக்கும். அது எனக்குப் பயமாக இருந்தது, எல்லோரும் அவளைக் கவனித்தார்கள்.

முதல் மாதம் செக்கிங். இரண்டு பேருக்கும் வயிற்று வலி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது மாதம் பிரேமலதா எல்லோர் முன்னாலும் கேட்டாள், "என்னடி, ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா? இல்ல டேட் பிரிச்சுக் குடுக்கறதுக்கு எங்கயாச்சும் ஆபீஸ் இருக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். நிரோஜாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்றைக்கே அவளிடம் சொன்னேன், அடுத்த மாதம் நீ வேறு காரணம் சொல், குலதெய்வம் கோயில் என்று சொல், மூன்று நாள் முன்னாலேயே சொல்லி வை என்று. தலையாட்டினாள். ஆனால் மூன்றாவது மாதம் தேதியை ஒரு வாரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். மைக்கில் சொல்லும்போது இருட்டப் போகிற நேரம். கோயிலைத் திடீரென்று எங்கிருந்து கொண்டுவருவது? காலையில் நான் போன் செய்தேன். நான் வைத்து ஐந்து நிமிடத்தில் அவள் செய்திருக்கிறாள். பதற்றத்தில் பழகிய பாடம்தான் வாயில் வந்திருக்கிறது. அதே சொல், அதே இழுப்பு. நான் சொல்லிக்கொடுத்தபடியே.

மறுநாள் தனபால் சார் கூப்பிட்டார். "ராணி, உட்காரு." ஏழு வருடத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இந்த... அது வந்து... ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லயா வரும்?" அவர் முகம் சிவந்துவிட்டது. "நம்ம டெலிவரி டிரைவர் ஒருத்தன் சொல்றான், அந்தப் புதுப் பொண்ணு கேம்ப் ஸ்டாப்புல பஸ் ஏறுதுன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. நீதான் சீனியர், நீ சொல்லு."

அவளை அஃறிணையாகத்தான் சொன்னார். 'ஏறுது' என்று.

அம்மா, நான் ஒன்றும் சொல்ல நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. ஆனால் அவர் மேசைமேல் லீவு நோட்டு விரிந்து கிடந்தது. மூன்று மாதம், மூன்று தேதி, இரண்டு பெயர். என் பெயர் மேலே இருந்தது. அவர் விரல் என் பெயருக்குப் பக்கத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு அங்குலம் நகர்ந்தால் நான்.

"அந்தப் பொண்ணு என்னைப் பாத்து காப்பியடிக்குது சார்" என்றேன். நானும் அஃறிணையாகத்தான் சொன்னேன். "நான் எப்ப லீவு போடறேன்னு பாத்து அதே காரணம் சொல்லுது. கேம்ப்ல மாசம் ஒருநாள் செக்கிங் இருக்கு சார், அதுக்குத்தான் போகுது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு கேம்ப் இருக்கு சார். அவங்க வாயைத் திறந்தா நான் கண்டுபிடிச்சுருவேன்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் என் வேலை, மகளின் பள்ளிக்கூடம், இந்த உடம்பு, எல்லாம் தரையில் கிடந்தன. பிறகு சொன்னார், "பரவால்லையே!"

அவர் டிரைவர் சொல்லி முன்பே தெரிந்து வைத்திருந்தார் அம்மா. நான் சொல்லாவிட்டாலும் அவள் போயிருப்பாள். அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. இரண்டு பேர் போவதற்கு ஒருத்தி போனாள், அவ்வளவுதான். கணக்காகப் பார்த்தால் நான் ஒரு வேலையைக் காப்பாற்றியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் எங்கள் பிரிவுக்கு வந்து எல்லோர் முன்னாலும் அவளை நிறுத்தினார். பொய் சொல்லிச் சேர்ந்தாய் என்றார். நல்ல மனிதர்தான், கோபம் வந்தால் மட்டும் குரல் உயரும். கடைசியாகக் கேட்டார், "இங்க உங்க ஆளுங்க வேற யாராச்சும் இருக்காங்களா? இப்பவே சொல்லிரு."

எனக்கு அப்போது ஒரு போன் ஓடிக்கொண்டிருந்தது. தாராபுரம் பக்கம் யாரோ ஒரு பெரியவர். "தண்ணி ஏறல கண்ணு, நாத்து காயுது கண்ணு" என்கிறார். "அண்ணா, வால்வைப் பாருங்கண்ணா" என்கிறேன். "பாத்துட்டேன் கண்ணு" என்கிறார். "இன்னொருக்கா பாருங்கண்ணா" என்கிறேன். "வால்வைப் பாருங்கண்ணா, வால்வைப் பாருங்கண்ணா." அவள் நிற்கும் பக்கம் நான் திரும்பவில்லை.

"இல்ல சார்" என்றாள். "நான் மட்டும்தான்."

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் போனாள். அவள் துப்பட்டா என் தோளில் பட்டது.

அன்று மாலை இந்தக் கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை. மகள் திறந்துவிட்டாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே சொன்னாள், "அக்கா, பயப்பிடாதையுங்கோ. உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. அந்த டிரைவர்தான் கண்டிட்டான். என்ரை பிழைதான், கோயில் எண்டு சொல்லியிருக்க வேணும்."

பார்த்து இரு, நன்றாகச் சாப்பிடு என்று ஏதோ சொன்னேன்.

அது ஐந்து மாதத்துக்கு முன்னால். இப்போது சொல்லுங்கள். அங்கே உங்களிடம் என்ன சொன்னாள்?

...அப்படியா? என்னைக் குறையே சொல்லவில்லையா?

...நன்றியா? எனக்கா?

தண்ணீர் குடிக்கிறேன். நீங்களும் குடியுங்கள். டம்ளரைப் பார்க்காதீர்கள், சுவர்தான் நடுங்குகிறது, மிக்ஸி போட்டிருப்பார்கள்.

அவள் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும். அதுதான் நல்லது. தெரிந்தால் அவளுக்குத்தான் கஷ்டம். இன்னும் கொஞ்ச நேரத்தில் வரிசையில் எனக்கு முன்னாலோ பின்னாலோதான் நிற்பாள். மாதாமாதம் வெயிலில் எனக்கு இடம் பிடித்து வைக்கிறாள். நான் போய் நிற்கிறேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளே.

இன்றைக்கு ஆபீஸில் என்ன சொன்னேன் என்கிறீர்களா? வயிற்று வலி இனிச் செல்லாது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னேன். ஐந்து மாதமாக என்னைப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. முப்பத்தைந்து தாண்டிவிட்டதே, யாருக்குப் பிடிக்கும் என்று பிரேமலதா வருத்தப்படுகிறாள். தன் அண்ணனுடைய ஜாதகத்தைக் கொண்டுவருகிறேன் என்கிறாள். அது ஒரு தனிப் பயம்.

ஆமாம், பதவி உயர்வு. பவளம் அக்கா சொன்னாரா? அது பெரிய பதவியெல்லாம் இல்லை. சம்பளமும் ஏறவில்லை. அந்த விஷயம் நடந்த மறுவாரம் தனபால் சார் சொன்னார், "ராணி, இனிமே இண்டர்வியூக்கு நீயும் எம்பக்கத்துல உட்காரு. உனக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியுதே." ஏழு வருடத்தில் முதல் தடவையாக எனக்குத் தெரிந்த ஒன்றை அவர் மதித்தார். எனக்கு ஒரு நாற்காலி. நான் ஒன்றும் பேச வேண்டியதில்லை. யாராவது அப்படி இருந்தால் விண்ணப்பத்தில் ஊர்ப் பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. அவ்வளவுதான்.

இரண்டு பேருக்குத்தான் போட்டேன். வேறு முகாம், எனக்குத் தெரியாத பிள்ளைகள். அவர்கள் உள்ளே வந்திருந்தால் மட்டும்? முதல் செக்கிங்கிலேயே மாட்டிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் நின்று... அந்த அவமானம் அவர்களுக்கு வராமல் பார்த்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். மூன்றாவதாக ஒரு பிள்ளைக்குக் கோடு போடாமல் விட்டிருக்கலாம். அவள் முகாம்தானா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. போட்டுவிட்டேன். பயமாக இருந்தது அம்மா. போடாமல் விட்டால், இவளுக்கு ஏன் தெரியவில்லை என்று அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பாரே.

இண்டர்வியூவில் உட்காருகிறேன் என்று பவளம் அக்காவிடம் நான்தான் வாய்விட்டேன். ஒரு பெருமைக்கு. குழாயடியில் சொன்னேன்.

...என்ன சொன்னீர்கள்?

இளையவளா? தர்சிகாவா? எங்கள் கம்பெனிக்கா?

திங்கட்கிழமை இண்டர்வியூவா?

யார் விண்ணப்பம் போடச் சொன்னது? நிரோஜாவா... 'அக்கா உள்ளுக்குள்ள இருக்கிறா, பாத்துக்கொள்ளுவா' என்று அவளே சொன்னாளா? நன்றி சொல்லத்தான் உங்களை அனுப்பினார்களா?

கடவுளே.

இருங்கள். எழுந்துவிடாதீர்கள். மைக்கில் இரண்டாம் வரிசையைத்தான் கூப்பிடுகிறார்கள், நான் ஐந்தாம் வரிசை. இருங்கள்.

நீங்கள் அந்த வழியாகத்தானே திரும்பிப் போவீர்கள்? வர வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லுங்கள். இல்லை, நம்ப மாட்டார்கள், நான் இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வருவாள். புதுச் சுடிதார் தைக்கக் கொடுத்திருப்பார்கள்.

கோடு போடுவேனா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அது திங்கட்கிழமை அல்லவா. இன்றைக்கு எப்படிச் சொல்வது?

ஒன்று மட்டும் செய்யுங்கள் அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்தப் பிள்ளை நான் தூக்கி வளர்த்த பிள்ளை. முகாமில் என்னை எங்கே கண்டாலும், குழாயடியோ ரோடோ, கண்ட மாத்திரத்தில் முகம் முழுக்கச் சிரித்துவிடும். அதற்கு வேறு விதமாக என்னைப் பார்க்கவே தெரியாது. தனபால் சார் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கதவைத் திறந்துகொண்டு அவள் வருவாள்.

சிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். என்னைப் பார்த்ததும் சிரிக்க வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.